உலக முடிவைக் கணக்கிட்ட நேப்பியர்

பிளஸ் டூ தேர்வுக்கு மடக்கை அட்டவணையைக் கையில் ஏந்திச் சென்ற நம்மில் எவருக்கும் ஜான் நேப்பியர் புதியவர் அல்லர். பெருக்கலைக் கூட்டலாக்கித் தந்த அறிஞர் அவர். ஆயினும் ஐரோப்பாவில் அவர் பெயரை முதலில் பரப்பிய நூல் மடக்கையைப் பற்றியதன்று. கிறிஸ்தவ வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவர் எழுதிய விளக்கமே அது. உலகம் எப்பொழுது முடியும் என்பதை அதில் அவர் ஆண்டு குறித்துச் சொன்னார்.

1550ஆம் ஆண்டு, எடின்பரோவை அடுத்த மெர்ச்சிஸ்டன் கோட்டையில் ஒரு பிரபுவின் குடும்பத்தில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் புனித ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே கிறிஸ்தோபர் குட்மன் என்னும் போதகர் வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி ஆற்றிய பிரசங்கங்கள் இளைஞர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. ரோமாபுரிப் போப்பே வேதம் கூறும் அந்திக்கிறிஸ்து என்று அவர் நம்பத் தொடங்கினார். ஸ்காட்லாந்து சீர்திருத்தச் சபையைத் தழுவியது 1560இல்தான். 1588இல் ஸ்பெயினின் பெருங்கப்பற்படை இங்கிலாந்தின் மீது பாய்ந்தது. போப்பின் ஆட்சி திரும்பிவிடுமோ என்று மக்கள் அஞ்சிய காலம் அது.

1592ஆம் ஆண்டின் முடிவில் அந்த அச்சம் வீட்டுக்குள்ளேயே வந்தது. ஸ்பெயினுடன் சேர்ந்து சதி செய்ததாகக் கத்தோலிக்கப் பிரபுக்கள் சிலர் மீது குற்றம் எழுந்தது. அவர்களோடு சேர்த்துப் பேசப்பட்டவர்களில் நேப்பியரின் இரண்டாம் மனைவியின் தந்தை சர் ஜேம்ஸ் சிஷோமும் ஒருவர்! சதிகாரரைத் தண்டிக்க வேண்டும் என்று மன்னரிடம் முறையிட 1593இல் சபையார் அனுப்பிய தூதுக்குழுவில் நேப்பியரும் இடம் பெற்றார். அன்றிரவு அவர் வீட்டில் உணவு எப்படி இறங்கியதோ, வரலாறு சொல்லவில்லை.

அதே ஆண்டில்தான் நூலும் அச்சாயிற்று. மன்னர் ஆறாம் ஜேம்ஸுக்கே அதைக் காணிக்கையாக்கி, முதலில் சொந்த அரண்மனையைத் தூய்மைப்படுத்துமாறு அறிவுரையும் கூறினார். நூலின் அமைப்போ நம் வடிவ கணிதப் புத்தகத்தைப் போன்றது. மொத்தம் 36 தேற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் நிரூபணம். தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்றால் ஓர் ஆண்டு என்பது முதல் தேற்றம். அதன் மேல் மாளிகை எழுகிறது. எருசலேமின் அழிவை ஒட்டி 71ஆம் ஆண்டில் முதல் எக்காளத்தை வைத்தார். எக்காளத்துக்கு 245 ஆண்டு வீதம் ஏழாவது எக்காளம் 1541இல் தொடங்குகிறது. அதிலிருந்து 49 ஆண்டுகளாக மும்முறை எண்ணினால் 1688 வருகிறது. தானியேல் நூல் கூறும் 1335 நாட்களை 365ஆம் ஆண்டிலிருந்து எண்ணினால் 1700 வருகிறது. ஆகவே நியாயத்தீர்ப்பு நாள் இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே வரும் என்றார்.

நண்பர்களே, கூட்டிப் பாருங்கள், ஒரு பிழையும் இராது. கோளாறு தொடக்கப் புள்ளியில் இருக்கிறது. ஜூலியன் என்ற ரோமப் பேரரசர் எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்ட முயன்று தோற்றதை அவர் 365இல் வைத்தார். ஜூலியனோ 363லேயே போரில் மாண்டுவிட்டார். தொடக்கத்தை இரண்டாண்டு நகர்த்தினால் உலகத்தின் முடிவும் இரண்டாண்டு நகருமல்லவா? அந்த ஆண்டை விட்டு வேறொன்றைப் பிடித்தாலும் தடுக்க யாருமில்லை. ஆனாலும் நேப்பியரை நான் எள்ளி நகையாட மாட்டேன். பொய்யென்று காட்டக்கூடிய ஓர் ஆண்டைத் துணிந்து எழுதி வைத்தார். மழுப்பலாக விரைவில் என்று சொல்லித் தப்பிக்கவில்லை. டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் அந்நூல் பெயர்க்கப்பட்டது. 1611இல் விரிவான பதிப்பும் வந்தது.

மடக்கைக்காக அவர் உழைத்தது ஏறத்தாழ இருபது ஆண்டுகள். நூல் வெளிவந்தது 1614இல். அதைப் படித்து வியந்த லண்டன் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் மறு ஆண்டே வடக்கே பயணம் செய்து மெர்ச்சிஸ்டனில் தங்கினார். ஒன்றின் மடக்கை சுழியாக இருக்க வேண்டும், பத்தை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். அச்சேறிய தம் அட்டவணையை மாற்ற நேப்பியர் தயங்கவில்லை. உடல்நலம் குன்றியிருந்ததால் புதிய அட்டவணையைக் கணக்கிடும் பணி பிரிக்ஸிடம் சேர்ந்தது. நாம் புரட்டிய அட்டவணை அந்த வழியில் வந்ததே.

1617 ஏப்ரல் 4ஆம் நாள் நேப்பியர் காலமானார். மடக்கையைக் கணித்த முறையை விளக்கும் அவருடைய நூல் 1619இல்தான் வெளிவந்தது. அவர் குறித்த ஆண்டுகளில் முதலாவதான 1688க்கு அப்பொழுது இன்னும் அறுபத்தொன்பது ஆண்டுகள் இருந்தன. அவர் பிறந்த கோபுரம் இன்றும் எடின்பரோவில், அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்குள் நிற்கிறது.