வின்ஸ் லொம்பார்டி

வின்சென்ட் தாமஸ் லொம்பார்டி (ஜூன் 11, 1913 - செப்டம்பர் 3, 1970) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அமெரிக்கக் காற்பந்தாட்டப் பயிற்றுநர் ஆவார். தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பில் ஆடும் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு 1959 முதல் 1967 வரை முதன்மைப் பயிற்றுநராக இருந்து 5 வாகையர் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். சூப்பர் பௌல் எனப்படும் இறுதிப் போட்டியின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் இவரது அணியே வென்றது. அப்போட்டியின் வெற்றிக் கிண்ணம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.

லொம்பார்டி கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். ஆயினும், மூன்று பருவங்கள் ஆடியும் தன் இடத்தை உறுதிசெய்து கொள்ள முடியாதிருந்த பார்ட் ஸ்டார் என்னும் இளம் வீரரை அக்காலத்தின் தலைசிறந்த குவார்ட்டர்பேக்குகளுள் ஒருவராக உருவாக்கியது இவரது பணியின் முக்கியமான பகுதியாகும். பயிற்றுநர் வீரரை உருவாக்குகிறாரா, வீரர் பயிற்றுநரை உயர்த்துகிறாரா என்னும் விவாதத்தில் இவ்விருவரின் வரலாறு அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இளமைக் காலம்

லொம்பார்டி நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள ஷீப்ஸ்ஹெட் பே என்னுமிடத்தில், இத்தாலிய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை இறைச்சி வணிகர். ஐந்து பிள்ளைகளில் லொம்பார்டி மூத்தவர். கத்தோலிக்கக் குருவாக வேண்டும் என்னும் எண்ணத்துடன் குருமாணவர் பள்ளியில் சேர்ந்த இவர், பின்னர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். எனினும் சமயப் பற்றை வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை.

1933 இல் போர்டம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1937 இல் பட்டம் பெற்றார். அங்கு பல்கலைக்கழக அணியின் முன்வரிசையில் ஆடினார். எளிதில் ஊடுருவ முடியாத அந்த எழுவர் வரிசை, ஏழு கருங்கற் பாளங்கள் என்னும் பொருள்படும் பட்டப்பெயரால் அறியப்பட்டது. உடலளவில் சிறியவரான லொம்பார்டி தொழில்முறை ஆட்டத்தில் பெரும் வீரராக விளங்கவில்லை.

ஆசிரியரும் உதவிப் பயிற்றுநரும்

1939 இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் எங்கிள்வுட் நகரிலுள்ள புனித செசிலியா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகவும் உதவிப் பயிற்றுநராகவும் சேர்ந்தார். இலத்தீன், வேதியியல், இயற்பியல் ஆகிய பாடங்களைக் கற்பித்தார். வகுப்பில் பின்தங்கிய மாணவனும் புரிந்துகொள்ளும் வரை ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தும் பழக்கம் இவருக்கு இங்கு உண்டானது. பிற்காலத்தில் தொழில்முறை வீரர்களுக்கும் இதே முறையில் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தார். 1940 இல் மேரி பிளானிட்ஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர்.

1947 இல் போர்டம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய இவர், 1949 முதல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணியில் ஏர்ல் பிளெய்க்கின் கீழ் உதவிப் பயிற்றுநராகப் பணியாற்றினார். ஆட்டங்களின் படச்சுருளைக் கூர்ந்து ஆராய்வதையும், தேவையற்ற உத்திகளை நீக்கிச் சிலவற்றை மட்டும் குறைவின்றிச் செய்வதையும் பிளெய்க்கிடம் கற்றார். 1954 இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பேற்றார். அதே அணியின் தற்காப்புப் பிரிவைக் கவனித்தவர், பின்னாளில் டல்லஸ் கௌபாய்ஸ் அணியால் புகழ்பெற்ற டாம் லாண்ட்ரி ஆவார். ஜயண்ட்ஸ் அணி 1956 இல் வாகையர் பட்டம் வென்றது.

கிரீன் பே அணியில்

கிரீன் பே விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ஒரு சிறிய நகரம். அதன் அணி தனி முதலாளி எவருக்கும் உரியதன்று. பங்குகளை வாங்கிய பொதுமக்களுக்கு உரியது. 1958 இல் அவ்வணி ஆடிய 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. ஓர் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. ஏனைய பத்திலும் தோற்றது. 1959 தொடக்கத்தில் லொம்பார்டி முதன்மைப் பயிற்றுநராகவும் பொது மேலாளராகவும் நியமிக்கப்பட்டார். அப்போது இவருக்கு வயது 45.

இவர் தாக்குதல் உத்திகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். பேக்கர்ஸ் ஸ்வீப் எனப்பட்ட ஓட்ட உத்தி இவரது ஆட்டமுறைக்கு அடிப்படையாக அமைந்தது. இதில் முன்வரிசை வீரர்களான ஜெரி கிராமர், ஃபஸி தர்ஸ்டன் ஆகிய இருவரும் தம் இடத்தைவிட்டு விலகி, பந்துடன் ஓடுபவருக்கு முன்னே சென்று வழியமைப்பர். இது வருமென்று எதிரணியினர் அறிந்திருந்தும் தடுக்க இயலாதபடி நாள்தோறும் இதனைப் பயிற்றுவித்தார்.

வீரர்களின் இயல்புக்கேற்ற இடத்தைக் கண்டறிவதிலும் இவர் வல்லவர். கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடி 1956 இல் ஹைஸ்மன் விருது பெற்ற பால் ஹோர்னங், தொழில்முறை ஆட்டத்தில் அவ்விடத்தில் சோபிக்கவில்லை. லொம்பார்டி அவரை ஓட்டப் பின்கள வீரராக நிலைப்படுத்தினார். ஹோர்னங் கூட்டமைப்பில் அதிகப் புள்ளிகள் ஈட்டியவர்களுள் ஒருவரானார். கல்லூரிக் குவார்ட்டர்பேக்கான வில்லி வுட்டை எந்த அணியும் தெரிவு செய்யவில்லை. 1960 இல் பேக்கர்ஸ் அணியில் சேர்ந்த அவர் சிறந்த தற்காப்பு வீரரானார். நிறவேற்றுமை பரவலாக இருந்த அக்காலத்தில், தம் அணியில் அதற்கு இடமில்லை என்பதில் லொம்பார்டி உறுதியாக இருந்தார்.

பார்ட் ஸ்டார்

அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு 11 பேர் களத்தில் இருப்பர். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரம் முன்னேறாவிடில் பந்து எதிரணிக்குச் செல்லும். ஒவ்வொரு முயற்சியும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்தே தொடங்குகிறது. பந்தை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்பதைச் சில நொடிகளில் அவர் நிறைவேற்ற வேண்டும். 1950களிலும் 1960களிலும் எந்த உத்தியைக் கையாள்வது என்பதையும் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கே களத்தில் முடிவு செய்தார். ஆதலால் பயிற்றுநரின் எண்ணம் முழுவதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

அலபாமா மாநிலத்தின் மொண்ட்கோமரி நகரில் 1934 இல் பிறந்த பார்ட் ஸ்டார், 1956 இல் பேக்கர்ஸ் அணியால் 17 ஆம் சுற்றில் 200 ஆவது வீரராகத் தெரிவு செய்யப்பட்டார். முந்தைய ஆண்டு அவரது அலபாமா பல்கலைக்கழக அணி தான் ஆடிய 10 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. 1958 இல் அவர் எறிந்த பந்துகளில் 3 மட்டுமே டச் டவுன் எனப்படும் 6 புள்ளிகளாயின. 12 பந்துகளை எதிரணியினர் இடைமறித்துப் பிடித்தனர். அமைதியான இயல்பினரான அவருக்குத் தலைமைப் பண்பு போதாது என்னும் கருத்தும் நிலவியது.

லொம்பார்டியும் தொடக்கத்தில் அவரை நம்பவில்லை. 1959 இல் சிகாகோ கார்டினல்ஸ் அணியிலிருந்து லமார் மெக்கன் என்னும் குவார்ட்டர்பேக்கை வருவித்து, அவரையே முதலில் களமிறக்கினார். பருவத்தின் கடைசி 5 ஆட்டங்களில் ஸ்டாருக்கு வாய்ப்புக் கிட்டியது. அவற்றுள் நான்கில் அணி வென்றது. 7 வெற்றி, 5 தோல்வி என்னும் கணக்கில் பருவம் முடிந்தது.

1960 இல் முதல் ஆட்டத்தில் ஸ்டார் ஆடி அணி தோற்றதும், லொம்பார்டி மீண்டும் மெக்கனிடம் திரும்பினார். மெக்கன் தொடங்கிய 4 ஆட்டங்களிலும் அணி வென்றது. ஆயினும் நான்காம் வெற்றியான பிட்ஸ்பர்க் ஆட்டத்தின் நடுவே மெக்கனை விலக்கி ஸ்டாரை இறக்கினார். அடுத்த 4 ஆட்டங்களில் மூன்றில் அணி தோற்றது. இம்முறை லொம்பார்டி ஸ்டாரை மாற்றவில்லை. எஞ்சிய 3 ஆட்டங்களிலும் வென்ற அணி மேற்குப் பிரிவில் முதலிடம் பெற்றது. மெக்கன் அடுத்த ஆண்டு பால்டிமோர் அணிக்கு அனுப்பப்பட்டார்.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. பயிற்சியின்போது லொம்பார்டி ஸ்டாரைப் பிற வீரர்கள் முன்னிலையில் கடுமையாகக் கடிந்துகொண்டார். ஸ்டார் பின்னர் அவரது அறைக்குச் சென்று, தவறு செய்தால் தனியே கண்டிக்கலாம் என்றும், பிறர் முன் அவமதித்தால் தாம் வழிநடத்த வேண்டிய வீரர்களே தம்மை மதிக்க மாட்டார்கள் என்றும் எடுத்துரைத்தார். லொம்பார்டி இதை ஏற்றுக்கொண்டு, அதன்பின் அவரைப் பிறர் முன் கண்டிப்பதை நிறுத்தினார். பயிற்றுநருக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் இடையே நம்பிக்கை உறுதிப்பட்டது இதன் பின்னரே எனக் கருதப்படுகிறது.

வாகையர் பட்டங்கள்

1960 டிசம்பர் 26 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் பேக்கர்ஸ் அணி பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியிடம் 13-17 எனத் தோற்றது. பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களில் லொம்பார்டி கண்ட ஒரே தோல்வி இதுவாகும். 1961 இறுதி ஆட்டத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியை 37-0 எனத் தோற்கடித்தது. ஸ்டார் எறிந்த 3 பந்துகள் டச் டவுன்களாயின. 1962 இல் அதே அணியை 16-7 என வென்றது. பின்னர் 1965, 1966, 1967 ஆகிய ஆண்டுகளிலும் தொடர்ந்து பட்டம் வென்றது.

1967 ஜனவரியில் நடந்த முதல் சூப்பர் பௌலில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை 35-10 என்றும், 1968 ஜனவரியில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியை 33-14 என்றும் பேக்கர்ஸ் வென்றது. இரண்டிலும் ஸ்டார் ஆட்ட நாயகனாகத் தெரிவானார். 1966 இல் அவர் 14 டச் டவுன்களை எறிந்தார். அப்பருவத்தில் இடைமறிக்கப்பட்ட பந்துகள் 3 மட்டுமே. கூட்டமைப்பின் மிகமதிப்புமிக்க வீரர் விருதும் அவ்வாண்டு அவருக்குக் கிடைத்தது.

பனி ஆட்டம்

1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பே நகரில் டல்லஸ் கௌபாய்ஸ் அணியுடன் நடந்த ஆட்டம் பனி ஆட்டம் என அறியப்படுகிறது. வெப்பநிலை ஏறத்தாழ -25° செல்சியசாக இருந்தது. லொம்பார்டி நிலத்தடியில் அமைக்கச் செய்திருந்த வெப்பமூட்டும் கருவி செயலிழந்ததால் திடல் பனிக்கட்டியாக உறைந்தது.

ஆட்டம் முடிய 16 நொடிகளே இருந்தபோது பேக்கர்ஸ் 14-17 எனப் பின்தங்கியிருந்தது. பந்து எல்லைக்கோட்டிலிருந்து ஒரு யாருக்கும் குறைவான தொலைவில் இருந்தது. பந்தை உதைத்து 3 புள்ளிகள் பெற்றிருந்தால் ஆட்டத்தைச் சமன் செய்திருக்கலாம். ஓடுபவர்கள் வழுக்கி விழுவதைக் கண்ட ஸ்டார், தாமே பந்துடன் பாய்வதாக லொம்பார்டியிடம் கூறினார். லொம்பார்டி மறுப்பின்றி ஒப்புக்கொண்டார். கிராமரும் கென் போமனும் எதிரணி வீரரைத் தள்ளி வழியமைக்க, ஸ்டார் கோட்டைத் தாண்டி விழுந்தார். பேக்கர்ஸ் 21-17 என வென்றது. ஏழு ஆண்டுகளுக்கு முன் இருமுறை இடத்தை இழந்திருந்த வீரரின் முடிவை நம்பி, லொம்பார்டி அப்பருவத்தின் பட்டத்தையே பணயம் வைத்தார்.

கருத்து வேறுபாடுகள்

ஸ்டாரின் வளர்ச்சிக்கு லொம்பார்டியே காரணம் என்போர், 1958 ஆம் ஆண்டின் புள்ளிவிவரங்களையும் பிந்தையவற்றையும் ஒப்பிட்டுக் காட்டுவர். வலிமையான முன்வரிசையும் சிறந்த தற்காப்பும் கொண்ட அணியில் எந்தக் குவார்ட்டர்பேக்கும் வென்றிருப்பார் என்போரும் உளர். 1965 டிசம்பரில் பால்டிமோர் அணியுடனான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஸ்டார் காயமுற்று வெளியேறியபோதும், மாற்று வீரர் ஸீக் பிராட்கௌஸ்கி ஆடி, கூடுதல் நேரத்தில் அணி 13-10 என வென்றதை அவர்கள் சுட்டுவர். ஆயினும் பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களில் ஸ்டார் பெற்ற 9 வெற்றி, 1 தோல்வி என்னும் கணக்கு அவரது திறமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

லொம்பார்டியின் கடுமை குறித்த விமரிசனங்களும் உண்டு. காயமுற்றோரையும் ஆடத் தூண்டினார் என்றும், பணியின் பொருட்டுக் குடும்பத்துக்குப் போதிய நேரம் ஒதுக்கவில்லை என்றும் கூறப்படுகிறது. வெற்றி ஒன்றே குறி என்னும் பொருளில் இவர் பெயரால் பரவியுள்ள கூற்று, இவருக்கு முன்பே ரெட் சாண்டர்ஸ் என்னும் கல்லூரிப் பயிற்றுநரால் கூறப்பட்டதாகும்.

வாஷிங்டனும் மறைவும்

1968 இல் லொம்பார்டி பயிற்றுநர் பொறுப்பைத் துறந்து பொது மேலாளராக மட்டும் நீடித்தார். ஃபில் பெங்ஸ்டன் பயிற்றுவித்த அவ்வாண்டில் பேக்கர்ஸ் வென்ற ஆட்டங்களினும் தோற்றவை மிகுந்தன. 1969 இல் வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் (2022 முதல் வாஷிங்டன் கமாண்டர்ஸ்) அணியின் பயிற்றுநரானார். ஸ்டாரைப் போலன்றி, அங்கிருந்த குவார்ட்டர்பேக் சோனி ஜர்கன்சன் ஏற்கனவே தேர்ந்த வீரர். அவ்வணி 7 வெற்றி, 5 தோல்வி, 2 சமநிலை பெற்றது. 1955 க்குப் பின் அது தோல்விகளினும் மிகுதியாக வெற்றி கண்ட முதற்பருவம் அதுவே.

1970 இல் லொம்பார்டிக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அடுத்த பருவம் தொடங்கும் முன்பே, செப்டம்பர் 3 அன்று வாஷிங்டனில் தமது 57 ஆவது வயதில் காலமானார். முதன்மைப் பயிற்றுநராக இருந்த 10 பருவங்களில் ஒன்றில்கூட இவரது அணி வெற்றிகளினும் மிகுதியாகத் தோல்வி கண்டதில்லை.

நினைவு

1970 இல் சூப்பர் பௌல் கிண்ணத்துக்கு வின்ஸ் லொம்பார்டி கிண்ணம் எனப் பெயரிடப்பட்டது. 1971 இல் தொழில்முறைக் காற்பந்துப் புகழ் மண்டபத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது. கிரீன் பே திடலையடுத்த சாலை லொம்பார்டி அவென்யூ எனப்படுகிறது. டேவிட் மரானிஸ் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 1999 இல் வெளிவந்தது.

பார்ட் ஸ்டார் 1977 இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். 1975 முதல் 1983 வரை பேக்கர்ஸ் அணிக்கே பயிற்றுநராக இருந்தார். எனினும் லொம்பார்டியிடம் கற்றவை அணியை மீண்டும் பட்டம் வரை கொண்டு செல்லப் போதவில்லை. அவர் 2019 மே 26 அன்று காலமானார்.