துருவ ஒளியைத் தேடிய கிறிஸ்டியன் பிர்க்லாண்ட்

குழந்தைகளே, ராத்திரி வானத்தில் பச்சை நிறத் திரை ஒன்று ஆடுவதைப் பார்த்திருக்கீங்களா? நார்வே, கனடா போன்ற நாடுகளின் வடக்குப் பகுதியில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் துருவ ஒளி. அது ஏன் வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடி, தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் கிறிஸ்டியன் பிர்க்லாண்ட். வாங்க, அவருடைய கதையைப் படிக்கலாம்.

மலை உச்சியில் ஒரு வீடு

பிர்க்லாண்ட் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி நார்வே நாட்டின் தலைநகரில் பிறந்தார். இன்று அந்த நகரத்தின் பெயர் ஒஸ்லோ. படித்து முடித்து அங்கேயே இயற்பியல் பேராசிரியர் ஆனார்.

துருவ ஒளி ஆடும்போது திசைகாட்டியின் காந்த ஊசியும் ஆடும். இது அவருக்குத் தெரியும். ஒரு கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்தில் உள்ள காந்த ஊசி திரும்பும் என்பதும் தெரியும். அப்போ, வானத்திலும் மின்சாரம் ஓடுகிறதா? இதுதான் அவருடைய கேள்வி.

ஊரில் உட்கார்ந்துகொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. அதனால் நார்வேயின் வடக்கு முனைக்குப் போனார். அங்கே ஹால்டே என்ற மலை இருக்கிறது. அதன் உயரம் சுமார் 900 மீட்டர். 1899ஆம் ஆண்டு அதன் உச்சியில் கல்லால் ஒரு ஆய்வு நிலையம் கட்டினார்கள். குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கினார்கள். வெளியே பனிப்புயல்! பல வாரங்களுக்குச் சூரியனே வராது. எவ்வளவு குளிராக இருந்திருக்கும்!

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பெரிய துயரம் நடந்தது. பிர்க்லாண்டின் இளம் உதவியாளர் ஒருவர் பனிச்சரிவில் சிக்கி இறந்துபோனார். ஆனாலும் ஆய்வு நிற்கவில்லை.

ஒரே நேரத்தில் நான்கு இடங்கள்

ஒரே இடத்தில் நின்று பார்த்தால் வானத்தின் ஒரு பகுதிதான் தெரியும். அதனால் 1902ஆம் ஆண்டு பிர்க்லாண்ட் நான்கு குழுக்களை அனுப்பினார். ஒரு குழு வட நார்வேக்கும், இன்னொன்று ஐஸ்லாந்துக்கும் போனது. மற்ற இரண்டும் ஸ்பிட்ஸ்பெர்கன், நோவாயா செம்லியா என்ற பனித்தீவுகளுக்குப் போயின. நான்கு குழுக்களும் ஒரே நேரத்தில் காந்த ஊசியின் அசைவைக் குறித்தன.

அந்தக் குறிப்புகளை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். சூரியனிலிருந்து மின்னூட்டம் உள்ள மிகச் சிறிய துகள்கள் வருகின்றன. பூமி ஒரு பெரிய காந்தம். அந்தக் காந்தம் துகள்களைத் துருவங்களின் பக்கம் திருப்புகிறது. அவை காற்றில் மோதும்போது காற்று ஒளிர்கிறது. விண்வெளியிலிருந்து ஒரு மின்னோட்டம் கீழே இறங்கி, காற்றின் மேல் அடுக்கில் ஓடி, மறுபடியும் மேலே போகிறது. இதுதான் அவர் கருத்து.

மேசை மேல் ஒரு குட்டி பூமி

சும்மா சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார். அதற்குள் ஒரு உலோக உருண்டையைத் தொங்கவிட்டார். உருண்டைக்குள் மின்காந்தம் இருந்தது. அதன் பெயர் டெர்ரெல்லா, அதாவது குட்டி பூமி. பெட்டியிலிருந்த காற்றை வெளியே எடுத்தார். பிறகு உருண்டையை நோக்கி எலக்ட்ரான்களைச் செலுத்தினார். என்ன ஆச்சு தெரியுமா? உருண்டையின் இரண்டு துருவங்களையும் சுற்றி ஒளி வளையங்கள் தோன்றின!

இந்த ஆராய்ச்சிக்கு நிறையப் பணம் வேண்டும். பிர்க்லாண்ட் சாம் ஐடே என்ற பொறியாளருடன் சேர்ந்து, காற்றில் உள்ள நைட்ரஜனிலிருந்து உரம் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார். அதில் கிடைத்த பணத்தையும் ஆராய்ச்சிக்கே செலவு செய்தார்.

நம்பாத அறிஞர்கள்

எல்லோரும் பிர்க்லாண்டை நம்பவில்லை. 1917ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜப்பானின் டோக்கியோ நகரில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு 49 வயதுதான். அவர் இறந்த பிறகு சிட்னி சாப்மன் என்ற பெரிய அறிஞர் வேறு விதமாகச் சொன்னார். மின்சாரம் விண்வெளியிலிருந்து இறங்கவில்லை, காற்றின் மேல் அடுக்கிலேயே சுற்றுகிறது என்றார். பலர் அதைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

இருவரில் யார் சரி? தரையில் இருந்து சொல்லவே முடியாது. ஏனென்றால், இருவர் சொன்ன மின்னோட்டமும் தரையில் உள்ள ஊசியை ஒரே மாதிரி அசைக்கும். மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். பிர்க்லாண்ட் காலத்தில் மேலே போக வழி இல்லை.

விண்கலம் சொன்ன விடை

1958ஆம் ஆண்டு எக்ஸ்புளோரர் 1 என்ற செயற்கைக்கோள் மேலே போனது. அதில் ஜேம்ஸ் வான் ஆலன் வைத்த கருவி, பூமியின் காந்தம் ஏராளமான துகள்களைப் பிடித்து வைத்திருப்பதைக் காட்டியது. பிறகு 1963-38சி என்ற செயற்கைக்கோள் சுமார் 1100 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. துருவ ஒளி தோன்றும் பகுதியின் மேலே போகும்போதெல்லாம் அதன் காந்தக் கருவி அசைந்தது. 1967ஆம் ஆண்டு அறிவியலாளர்கள் அதன் காரணத்தை விளக்கினார்கள். அங்கே மின்னோட்டம் மேலும் கீழும் ஓடுகிறது!

பிர்க்லாண்ட் சொன்ன எல்லாமே சரி இல்லை. சூரியனிலிருந்து எலக்ட்ரான்கள் மட்டும்தான் வருகின்றன என்று முதலில் நினைத்தார். உண்மையில் நேர்மின் துகள்களும் சேர்ந்து வருகின்றன. ஆனால் மின்னோட்டம் பற்றி அவர் சொன்னது சரி. அவர் இறந்து 50 ஆண்டுகள் கழித்து அது தெரிந்தது. இன்று அதன் பெயரே பிர்க்லாண்ட் மின்னோட்டம்.

2000ஆம் ஆண்டு ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் நான்கு விண்கலங்களை அனுப்பியது. ரும்பா, சல்சா, சாம்பா, டாங்கோ என்று நடனங்களின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். ஒவ்வொன்றும் நீளமான கம்பிகளை நீட்டி மின்புலத்தை அளந்தது. துகள்களையும் எண்ணியது. ஏன் நான்கு? ஒன்று மட்டும் இருந்தால், அது கண்ட மாற்றம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்வது கஷ்டம். நான்கு இருந்தால் தெரிந்துவிடும். பிர்க்லாண்ட் நான்கு குழுக்களை அனுப்பியதும் இப்படித்தானே!

பேசிப் பார்ப்போம்

1. துருவ ஒளி ஆடும்போது காந்த ஊசி ஏன் ஆடுகிறது?
2. பிர்க்லாண்ட், சாப்மன் இருவரில் யார் சரி என்று தரையில் இருந்து ஏன் சொல்ல முடியவில்லை?
3. உங்கள் கருத்தை மற்றவர்கள் நம்பாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?