மதுரை ரோட்டில் பஸ் விட்ட சுந்தரம் அய்யங்கார்

டி.வி.எஸ். பஸ் வந்துவிட்டதா? அப்படியானால் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம்! மதுரைச் சீமையில் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பெயரை வாங்கியவர், டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

சொந்த ஊர், நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடி. 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந்தேதி பிறந்தார்.

மகன் வக்கீலாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அதன்படியே வக்கீல் தொழிலில் இறங்கினார். பிறகு ரெயில்வேயில் வேலை பார்த்தார். பாங்கியிலும் வேலை பார்த்தார். கடைசியில் மாதச் சம்பளமே வேண்டாம் என்று உதறிவிட்டார்.

1911-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1912-ல் பஸ் ஓடத் தொடங்கியது.

ஆணிக்கு ஒரு காந்தம்

அப்போது ரோட்டில் ஓடியவை எல்லாம் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும்தான். மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிப்பார்கள். லாடம் கழன்றால், அதன் ஆணி ரோட்டில் விழுந்து கிடக்கும். பஸ் டயருக்கு அதுதான் எமன்.

ஒரு டயர் பஞ்சரானால் ஒரு பஸ் நிற்கும். பஸ் நின்றால் கோர்ட்டுக்குப் போகிறவர் வாய்தாவைத் தவற விடுவார். சந்தைக்குப் போகிறவரின் காய்கறி வாடிப்போகும்.

இதற்கு அய்யங்கார் ஒரு வழி கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட விடுவாராம். ஆணிகளை அது பொறுக்கிக்கொண்டே போகுமாம். பின்னால் பஸ் நிம்மதியாக வருமாம்!

கரியில் ஓடிய பஸ்

இரண்டாவது உலகப்போர் வந்தது. பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்கள் நின்றுவிடுமோ என்ற நிலைமை.

அய்யங்கார் சும்மா இருக்கவில்லை. கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டும் கருவியைத் தயாரித்தார். டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று அதற்குப் பெயர்.

1942-ல் மலேயா ஜப்பான்காரன் கையில் விழுந்தது. ரப்பர் தோட்டங்களும் கூடவே போயின. டயருக்கும் தட்டுப்பாடு வந்தது. தேய்ந்த டயரைத் தூக்கி எறிய முடியாத காலம் அது.

பழைய டயருக்குப் புதுப் பட்டன் போடும் ரீட்ரெடிங் தொழிற்சாலையையும் அவருடைய நிறுவனம் அமைத்தது. டயரின் உள்கூடு நன்றாக இருந்தால், மேலே தேய்ந்த ரப்பரைச் சுரண்டி எடுப்பார்கள். புது ரப்பரை ஒட்டுவார்கள். சூட்டில் வேகவைப்பார்கள். டயர் மறுபடியும் ரோட்டுக்கு வந்துவிடும்.

முன்னாலா, பின்னாலா?

இங்கேதான் ஒரு கேள்வி. நல்ல டயரை எந்த அச்சில் மாட்டுவது?

பஸ்சுக்கு முன்னால்! ரீட்ரெடிங் செய்த டயர் பின்னால். இதுதான் பஸ் தொழிலில் உள்ள வழக்கம். காரணம் உண்டு. முன்பக்கம் ஒரு பக்கத்துக்கு ஒரு டயர்தான். அது வெடித்தால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக இழுத்துவிடும். பின்பக்கம் பக்கத்துக்கு இரண்டு. ஒன்று போனாலும் மற்றது தாங்கும்.

காருக்கு நேர்மாறு! இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

காருக்கு இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால், அவற்றைப் பின்னால்தான் மாட்ட வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார் என்றாலும் இதே விதிதான்.

ஏன்? மழைத் தண்ணீரை டயரின் பள்ளங்கள்தான் வெளியே தள்ளுகின்றன. டயர் மொட்டையாகிவிட்டால் தண்ணீர் வெளியேறாது. சக்கரம் தண்ணீர்மேல் மிதக்கும்.

முன்சக்கரம் வழுக்கினால், கார் திரும்பாமல் நேரே போகும். ஸ்டீயரிங் லேசாவது கைக்குத் தெரிந்துவிடும். ஆக்சிலேட்டரில் இருந்து மெதுவாகக் காலை எடுத்தால், பிடி திரும்ப வர வழி உண்டு.

பின்சக்கரம் வழுக்கினால்? காரின் பின்பாகம் வீசி அடிக்கும். கார் பம்பரம்போல் சுற்றிவிடும். யோசிக்க நேரமே இருக்காது.

நான்கும் ஒன்றுபோல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது. ஒரே அச்சில் இடது பக்கம் ஒரு ரகம், வலது பக்கம் ஒரு ரகம் கூடவே கூடாது. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், சட்டப்படியே அந்த டயர் ஓடக் கூடாது.

மகள் டாக்டர்

அய்யங்காரின் மகள் சவுந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. டெல்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். 1940-ல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். திண்டுக்கல் அருகே, 1947-ல் இருவரும் சேர்ந்து காந்திகிராமத்தை அமைத்தார்கள்.

அய்யங்கார் 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி கொடைக்கானலில் காலமானார். மகன்கள் தொழிலை வளர்த்தார்கள்.

1972-ல் பஸ்கள் அரசுடைமை ஆயின. டி.வி.எஸ். பஸ்கள் ஓடிய ரோட்டில் பாண்டியன் போக்குவரத்துக் கழகப் பஸ்கள் ஓடின. ஆனாலும் மதுரையில் டி.வி.எஸ். நகர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

மதுரைப் பக்கம் மாதக்கணக்கில் வெயில் காயும். அதுவரை மொட்டை டயரும் நல்ல டயர்போலவே ஓடும். ஐப்பசியில் முதல் மழை பெய்யும். தூசியும் எண்ணெயும் கலந்து ரோடு வழுக்கும். அப்போதுதான் வேஷம் கலையும்!

அதற்கு முன்னால் ஒரு நாள், காரின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். ஓர் ஆணிக்காகக் கவலைப்பட்டவர் ஓடிய ரோடு அது.