ஸ்பானரும் ஒரு நகரமும்

விமானம்னா பைலட்தான் நம்ம கண்ணுக்குத் தெரிவார். தரையில் நின்று பறக்க வைப்பவரை நினைத்தவர் ஒருவர் உண்டு.

1906-ல் அமெரிக்காவில் பிறந்த வில்லியம் டன்னர், 1944-ல் அஸ்ஸாமிலிருந்து இமயமலை தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு சுமந்த ராணுவ விமானப் பிரிவின் தலைவரானார். அங்கே பழுதுபார்ப்பைத் தொழிற்சாலை போல மாற்றினார். விமானம் இடம் இடமாக நகரும். ஒவ்வொரு இடத்திலும் ஒரே வேலையில் கைதேர்ந்த குழு. விபத்து குறைந்தது, சரக்கு கூடியது.

1948-ல் சோவியத் படை மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலையையும் ரயிலையும் அடைத்தது. இருபது லட்சம் பேருக்கு மாவும் நிலக்கரியும் வானில் போயின. மெக்கானிக் போதவில்லை, பழைய எதிரிகளான ஜெர்மன் மெக்கானிக்குகளையே டன்னர் சேர்த்துக்கொண்டார். 1949 ஏப்ரலில் 24 மணி நேரத்தில் 1,398 நடை! மே மாதம் முற்றுகை நீங்கியது. 1983-ல் அவர் மறைந்தார்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஸ்பானர் பிடிக்கவா படிப்புன்னு ஊரில் கேட்கிறாங்க. ஒரு நகரத்துக்கே சோறு போட்டது அந்த ஸ்பானரும்தான்னு இனி சொல்வேன்.