மாதர் சங்கம் கட்டிய ஆஸ்பத்திரி



டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பேரைக் கேள்விப்படாதவங்க நம்மில் இருக்க மாட்டாங்க. மகப்பேறு உதவித்தொகைத் திட்டமே அவங்க பேரில்தான் இருக்கு. நானும் ரெண்டு பிள்ளைக்கும் அந்தப் பணம் வாங்கியிருக்கேன். ஆனா அவங்க யாருன்னு எங்க அம்மா இறந்த பிறகுதான் தெரிஞ்சுகிட்டேன்.

அம்மா கருவாட்டுக் கூடை சுமந்து எங்களை வளர்த்தவ. மார்பில் கட்டி வந்ததை வெட்கப்பட்டு ஒரு வருஷம் யாரிடமும் சொல்லலை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் முற்றிப்போச்சு.

முத்துலட்சுமி அம்மையார் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி குலத்தைச் சேர்ந்தவர். பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்பாத அந்தக் காலத்தில் தந்தை அவரைப் படிக்க வைத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டர் ஆனார். சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவில்லாத பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார்.

அவருடைய தங்கைக்குப் புற்றுநோய் வந்தது. முதலில் வயிற்றுக்கடுப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனையில்தான், புற்றுநோய்க்கென்றே ஒரு ஆஸ்பத்திரி கட்டணும்னு முடிவெடுத்தார்.

புற்றுநோய் வந்தா சாவுதான், அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு பெரியவங்களே கைவிரித்த காலம் அது. அம்மையார் சோர்ந்து போகவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். அப்போது அம்மையாருக்கு வயது 66. 1954 ஜூன் மாதம் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பிறகு வந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். இன்று அங்கே வைத்தியத்தோடு ஆராய்ச்சியும் படிப்பும் நடக்கிறது. ஏழைகள் பலருக்கு இலவசமாகவே வைத்தியம் கிடைக்கிறது. 1968-ல் அம்மையார் மறைந்தார். அந்த மாதர் சங்கத்தின் பேர் இன்றும் ஆஸ்பத்திரியின் பேரோடு சேர்ந்தே இருக்கு.

மாதர் சங்கம்னா வேற யாரு? நம்மைப் போலப் பெண்கள் கூடிய சங்கம்தானே!

எங்க தாத்தா தூத்துக்குடியில் முத்துக்குளிச்சவர். கடலுக்குள் இறங்குறவர் கயிற்றை மச்சினன்தான் மேலே இருந்து பிடிச்சிருப்பாராம். கயிறு அசைஞ்சதும் இழுக்கணும், தாமதிச்சா உயிர் போயிரும். எங்க அம்மா கயிறை அசைக்கவே இல்லை. நாங்களும் கவனிக்கலை.

அதனால சகோதரிகளே, ரெண்டு விஷயம் கேக்கிறேன். உடம்பில் கட்டி தெரிஞ்சா மறைக்காதீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. அடுத்த கூட்டத்திலிருந்து சேமிப்புப் பெட்டி பக்கத்திலேயே ஒரு உண்டியல் வைப்போம். ஆளுக்கு அஞ்சு ரூபாய் போதும். வருஷக் கடைசியில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அனுப்புவோம். முதல் அஞ்சு ரூபாயை எங்க அம்மா நினைவா நான் போடுறேன்.