பனைமரத்தின் மருத்துவர்

மழை விடாது பெய்யும் மாதங்களில் மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு அடிக்கடி தடைபடும். அந்த ஈரத்தில், வெட்டுக்காயத்திற்கு மேலே கருங்கோடுகள் தோன்றுவதுண்டு. பின்னர் பட்டை அழுகும். புதுப்பட்டையும் சீராக வளராது. டுரியான் மரத்தின் அடிப்பட்டையை அழுகச் செய்வதும் கொக்கோக் காயைக் கருக்குவதும் இதே நோய்க்கிருமிதான். அதன் பெயர் ஃபைட்டோஃப்தோரா பால்மிவோரா. பால்மிவோரா என்பதற்குப் பனையை உண்பது என்று பொருள். அப்பெயரைச் சூட்டியவர் எட்வின் ஜான் பட்லர்.

பட்லர் 1874-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். அந்நாட்டில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து, ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் பஞ்சத்தில் மடிந்திருந்தனர். மருத்துவம் பயின்று 1898-இல் பட்டம் பெற்ற பட்லர், மனிதரின் நோயைவிடப் பயிரின் நோயிலேயே மிகுந்த நாட்டம் கொண்டார்.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டது 1896-இல். அதன்பின் ஐந்தே ஆண்டுகளில், அதாவது 1901-இல், பட்லர் இந்தியாவுக்கு வந்தார். பின்னர் பீகாரிலுள்ள பூசா வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார்.

அக்காலத்தில் கோதாவரி ஆற்றுப் பகுதியில் பனைமரங்கள் குருத்தழுகிப் பட்டுக்கொண்டிருந்தன. பனைக்கு வளரும் குருத்து ஒன்றே. அது அழுகினால் மரம் மீளாது. பதநீரும் நுங்கும் ஓலையும் தந்த மரங்கள் சாய்ந்தபோது, அவற்றை நம்பிய குடும்பங்களின் பிழைப்பும் சாய்ந்தது. நோயுற்ற மரங்களின் கொண்டையை வெட்டி எரிப்பதே அன்று கைக்கொள்ளப்பட்ட வழியாகும்.

பட்லர் அழுகிய குருத்துகளை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தார். நோய்க்குக் காரணமான உயிரைக் கண்டறிந்து, 1907-இல் அதனைப் பித்தியம் என்னும் பேரினத்தில் சேர்த்தார். ஆயினும், தாம் வைத்த பெயரே இறுதியானது என்று அவர் இருந்துவிடவில்லை. 1919-இல் அதனை ஃபைட்டோஃப்தோரா பேரினத்திற்கு அவரே மாற்றினார். அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த கிருமியும் அதே பேரினத்தைச் சேர்ந்ததே.

பட்லர் காலத்து அறிஞர்கள் இவ்வுயிர்களைப் பூஞ்சணங்கள் என்றே கருதினர். இரண்டும் நூலிழைபோல் வளர்வதும் வித்துகளால் பரவுவதும் அதற்குக் காரணங்களாகும். பிற்கால ஆய்வுகள் அவை நீர்ப் பூஞ்சணங்கள் என்னும் வேறொரு கூட்டம் என மெய்ப்பித்தன. உண்மைப் பூஞ்சணத்தின் உயிரணுச் சுவரில் கைட்டின் உண்டு. நீர்ப் பூஞ்சணத்தின் சுவரிலோ, தாவரங்களில் உள்ளது போன்ற செல்லுலோஸ் உண்டு. நீர்ப் பூஞ்சணத்தின் வித்துகள் இரண்டு சாட்டையிழைகளால் நீரில் நீந்திச் செல்லும். மழைக்காலத்தில் நோய் பெருகுவது இதனால்தான். பழுப்புப் பாசிகளே இவற்றின் நெருங்கிய உறவினர். உண்மைப் பூஞ்சணங்களோ விலங்குகளுக்கே நெருக்கமானவை.

இந்த வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவதன்று. ரப்பர் மரத்தின் வெள்ளை வேர் நோய் உண்மைப் பூஞ்சணத்தால் வருவது. அது மண்ணுக்குள் வேரோடு வேர் தொட்டுப் பரவும். எனவே, நோயுற்ற அடிக்கட்டைகளை அகற்ற வேண்டும். கருங்கோட்டு நோயோ ஈரத்தால் பரவும். எனவே, வெட்டுப்பட்டையை உலர்வாக வைத்திருக்க வேண்டும். மருந்தும் ஒன்றன்று. பூஞ்சணங்கள் தம் உயிரணுச் சவ்வுக்காக எர்கோஸ்டிரால் என்னும் பொருளை உருவாக்குகின்றன. அதனைத் தடுக்கும் மருந்துகள், அப்பொருளை உருவாக்காத ஃபைட்டோஃப்தோராவை அடக்குவதில்லை. பகைவன் யாரென்று அறியாமல் மருந்தடித்தால் பணமும் உழைப்பும் வீணாகும்; மரமும் பட்டுப்போகும்.

பட்லர் 1918-இல் இந்தியப் பயிர்களின் நோய்களைத் தொகுத்து ஒரு பெருநூல் எழுதினார். 1920-இல் இங்கிலாந்தின் கியூ நகரில் அமைந்த பூஞ்சண ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநரானார். 1939-இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1943-இல் அவர் காலமானார்.

பட்லர் பூஞ்சணம் என்று எண்ணிய உயிர் இன்று பூஞ்சணமாகக் கருதப்படுவதில்லை. அதனால் அவர் உழைப்பு சிறுத்துவிடவில்லை. பட்ட மரத்தின் அருகே சென்று, உள்ளதை உள்ளபடி பார்த்து, தவற்றைத் தாமே திருத்திக்கொண்டவர் அவர். அவர் இட்ட அடித்தளத்தின் மீதே பின்வந்தோர் மேலும் தெளிவு பெற்றனர்.