கெட்டுப்போனது ஃபைலா, செக் பண்ற கருவியா? 200 வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வியைச் சந்தித்த வில்லியம் லாம்டன்

லாங் வீக்கெண்டுக்கு ஏற்காடு போக பிளான் போடுகிறீர்களா? இணையத்தில் தேடினால், சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1842-ல் ஏற்காட்டைக் கண்டறிந்தார் என்ற வரி பல பக்கங்களில் வரும். ஒரே ஒரு சிக்கல். மன்றோ 1827 ஜூலையிலேயே காலராவில் இறந்துவிட்டார்.

ரெண்டு தகவலையும் பக்கத்து பக்கத்தில் வைத்ததும் மனசுக்குள் ஒரு அலாரம் அடிக்கிறது, இல்லையா? கம்ப்யூட்டர் ‘ஃபைல் கரப்ட்’ என்று காட்டுவதும் இதே மாதிரிதான். மன்றோ விஷயத்தில் அலாரம் உண்மை. பதிவில்தான் தப்பு. ஆனால் எல்லா அலாரமும் இப்படி இருக்காது. சில நேரம் தகவல் சரியாக இருக்கும், சரிபார்க்கிற கருவி சொதப்பியிருக்கும்.

இதில் எது எது என்று பிரித்துப் பார்ப்பதையே 20 வருஷம் வேலையாகச் செய்தவர் வில்லியம் லாம்டன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வடக்கே சென்னையிலிருந்து பெங்களூரு வரை, மேற்கே பெங்களூருவிலிருந்து கோவை வரை, அப்படியே கன்னியாகுமரி வரை முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளந்தவர்.

முதலில், செக்சம் என்றால் என்ன?

ஒரு ஃபைலை டிஸ்க்கில் எழுதும்போது, அதிலுள்ள தகவலை வைத்து ஒரு சின்ன எண்ணைக் கணக்கிட்டு, தனியாகச் சேமிப்பார்கள். அதுதான் செக்சம். திரும்பப் படிக்கும்போது அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். எண் ஒத்துப்போனால் ஓகே. இல்லையென்றால் எச்சரிக்கை வரும்.

கவனியுங்கள், அந்த எச்சரிக்கை சொல்வது ரெண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும்தான். எது தப்பு என்று அதற்குத் தெரியாது. ராம் மெமரியில் ஒரு பிட் புரண்டிருக்கலாம். கேபிள் லூஸாக இருக்கலாம். லினக்ஸில் உள்ள பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். செக்சம் போட்டு முடித்த பிறகு, டிஸ்க்கில் எழுதி முடிப்பதற்குள் ஆப் அந்தத் தகவலை மாற்றிவிட்டால், செக்சம் பழசுக்கு, தகவல் புதுசுக்கு என்று ஆகிவிடும். அடுத்த முறை படிக்கும்போது அலாரம் அடிக்கும். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது.

நட்சத்திரத்தைப் பார்த்து படையைத் திருப்பியவர்

லாம்டன் 1750-களில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். 33-வது ரெஜிமென்டில் சேர்ந்து இந்தியா வந்தார். 1799 ஏப்ரலில் திப்பு சுல்தானுக்கு எதிரான போர். ஒரு நாள் இரவு, ஜெனரல் பேர்டின் படை தெற்கே போவதாக நினைத்து நடந்துகொண்டிருந்தது. கூடவே போன லாம்டன் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரக் கணக்குப்படி படை வடக்கே, நேராகத் திப்புவின் முகாமை நோக்கிப் போகிறது என்று தெரிந்தது. ஜெனரல் முதலில் நம்பவில்லை. பிறகு திசைகாட்டியை எடுத்துப் பார்த்தால், லாம்டன் சொன்னதுதான் சரி. படை திரும்பியது.

அங்கே அலாரம் உண்மை. அது உறுதியானது எப்படி? நட்சத்திரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இன்னொரு கருவியும் அதையே சொன்னதால்.

பரங்கிமலையில் போட்ட முதல் கோடு

போர் முடிந்ததும், தென்னிந்தியாவின் குறுக்கே துல்லியமாக அளக்கலாம் என்று லாம்டன் திட்டம் கொடுத்தார். கம்பெனி அரசு ஒப்புக்கொண்டது. வரி, ராணுவம், நிர்வாகம் என்று அவர்களுக்கு அதில் ஆதாயம் இருந்தது. மலையேறிக் கொடி பிடித்த, சுமை தூக்கிய நம்மூர் ஆட்களில் பெரும்பாலானோர் பெயர் வரலாற்றில் இல்லை.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு. வெயிலில் எஃகு நீளும் என்பதால் பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து வெப்பத்தையும் குறித்துக்கொண்டார்கள். அந்த ஒரு கோட்டை மட்டும்தான் தரையில் அளந்தார்கள். மற்ற தூரமெல்லாம் கோணம் பார்த்துப் போட்ட முக்கோணக் கணக்கு.

கணக்கு வழியில் எங்காவது கெட்டுப்போனால்? அதற்கும் செக் வைத்திருந்தார். 1804-ல் பெங்களூரு அருகே இன்னொரு கோட்டைத் தரையில் அளந்தார்கள். பரங்கிமலையிலிருந்து கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும் அதற்கும் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு!

இந்த செக்கில் பாஸ் ஆனதால்தான் அடுத்த அதிர்ச்சியைத் தாங்க முடிந்தது. சென்னையிலிருந்து மங்களூரு வரை சுமார் 360 மைல் என்று கணக்கு வந்தது. பழைய வரைபடங்களிலோ 400 மைல். 40 மைல் நிலத்தைக் காணோம்! புது அளவை பழைய வரைபடத்துக்கு ஏற்றபடி அவர் ‘சரிசெய்ய’வில்லை. தப்பு வரைபடத்தில்தான் இருந்தது.

தஞ்சாவூரில் நிஜமாகவே உடைந்தது

கோணம் அளக்க அவர் பயன்படுத்திய தியோடலைட் சுமார் அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும்போதே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பிய கருவி அது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்துபோனது.

வேறு யாராக இருந்தாலும் வேலையை மூட்டை கட்டியிருப்பார்கள். லாம்டன் தன்னைக் கூடாரத்துக்குள் அடைத்துக்கொண்டார். ஒரு பெரிய பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் வைத்து, நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம் ஆனது. உடைந்தது கருவிதான் என்று இந்த முறை கண்ணாலேயே தெரிந்தது. தெரிந்ததால் ரிப்பேர் செய்ய முடிந்தது.

தூக்குக்குண்டு ஏன் சாய்ந்தது?

அடுத்த அலாரம் அவ்வளவு சுலபமானதாக இல்லை. ஒரு இடத்தின் அட்சரேகையை நட்சத்திரத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். அதற்கு நேர் மேலே எது என்று தெரிய வேண்டும். கொத்தனார் சுவர் கட்டும்போது தொங்கவிடுவாரே, அதே மாதிரி ஒரு தூக்குக்குண்டுதான் அதைக் காட்டும். இப்படி முக்கோணக் கணக்குக்கு வானமே செக்சம் ஆனது.

பெங்களூரு அருகே ஒரு நிலையத்தில் ரெண்டும் ஒத்துப்போகவில்லை. முக்கோணக் கணக்கு தப்பு என்று லாம்டன் உடனே முடிவு கட்டவில்லை. நிலத்துக்கு அடியில் அடர்த்தியான ஏதோ ஒன்று குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கலாம் என்று சந்தேகித்தார். அதாவது, கோளாறு செக் பண்ணும் கருவியில்.

அந்தச் சந்தேகத்துக்கு முழு விடை வருவதற்குள், 1823 ஜனவரி 20 அன்று இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில், பயணத்தின் நடுவிலேயே இறந்துபோனார்.

அவர் போன பிறகு வந்த விடை

வேலையைத் தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். ஆமாம், சிகரத்துக்குப் பெயர் கொடுத்த அதே எவரெஸ்ட். மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும், இமயமலையை ஒட்டிய கலியானாவுக்கும் இடையே முக்கோணக் கணக்கும் நட்சத்திரக் கணக்கும் 5.236 விநாடி கோணம் வித்தியாசப்பட்டன. தரையில் சுமார் 160 மீட்டர். அளவையில் சேர்ந்துபோன பிழை என்றே எவரெஸ்ட் கருதினார். பிழையைப் பங்கிட்டுக் கணக்கை நேராக்கினார்.

1850-களில் கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த கணித அறிஞர் ஜான் பிராட் வேறு கோணத்தில் யோசித்தார். இமயமலை குண்டை இழுத்தால் எவ்வளவு சாயும் என்று கணக்குப் போட்டார். 15.885 விநாடி வந்தது. நிஜ வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு! 1855-ல் ஜார்ஜ் ஏரி விளக்கம் கொடுத்தார். மலைக்கு அடியில், எடை குறைந்த பாறை ஆழமாக வேர் மாதிரி இறங்கியிருக்கிறது. அதனால்தான் இழுப்பு குறைவு. மலைகள் எப்படி நிற்கின்றன என்ற பெரிய கண்டுபிடிப்பே இந்தப் பொய் அலாரத்திலிருந்துதான் வந்தது. அளவை நன்றாகத்தான் இருந்தது. சாய்ந்தது தூக்குக்குண்டு.

சரி, நமக்கு இதில் என்ன இருக்கு?

‘கரப்ட்’ என்று திரையில் வந்ததும் நாம் செய்யும் முதல் தப்பு, உடனே ரிப்பேர் பட்டனை அமுக்குவது. அலாரம் பொய்யாக இருந்தால், நல்ல ஃபைலை நாமே கெடுத்துவிடுவோம். அதற்கு முன் ஒரு காப்பி எடுத்துவையுங்கள். மறுபடி படித்துப் பாருங்கள். கேபிளை மாற்றி, மெமரி டெஸ்ட் ஓட்டி, முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ரெண்டு வழியும் ஒரே பதிலைச் சொன்னால் மட்டும் ரிப்பேருக்குப் போங்கள்.

அடுத்த முறை ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தின் விளக்குகளைப் பார்க்கும்போது ஒன்று ஞாபகம் வையுங்கள். ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், நீங்கள் நிற்கும் மலையும் அதைத் துளியூண்டு தன் பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.